வியர்த்த கார்பைன்

ஆணியில் தொங்கிய கார்பைன் உறைபனி பூத்து வெளுத்திருந்தது.

சாம்பல் வாளியைக் கொட்டுவதற்காகக் கதவைத் திறந்து வெளியே வந்த வெர்னா அதைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். குளிரில் ராத்திரி முழுக்கத் தொங்கிய துப்பாக்கி வெளுக்காது. அது காய்ந்து, கறுத்து, தொட்டால் தோல் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். வெளுக்க வேண்டுமென்றால் ஒன்றுதான் வழி. யாராவது அதை வெதுவெதுப்பான இடத்துக்குக் கொண்டுபோய், வியர்க்க விட்டு, மறுபடி குளிரில் கொண்டுவந்து மாட்டியிருக்க வேண்டும்.

வடக்குப் பனிப்பிரதேசமான யூகானில் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. பனிக்காலத்தில் துப்பாக்கியைக் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது. அடுப்புச் சூடு பட்டால் இரும்பு வியர்க்கும். அந்த ஈரம் உள்ளே இறங்கி, வெளியே போனதும் சுருள்வில்லிலும் தோட்டாவை அடிக்கும் ஊசியிலும் உறைந்துபோகும். அப்புறம் விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், குண்டு வராது. எதிரே நிற்பது மூஸ் மான் என்றால் அது பாட்டுக்குப் போய்விடும். கரடி என்றால் போகாது. அதனால்தான் ஒவ்வொரு வேட்டைக் கேபினின் முன்தாழ்வாரத்திலும் கதவுக்குப் பக்கத்தில் ஆணிகள் இருக்கும், துப்பாக்கிகள் வெளியே தூங்கும், மனிதர்கள் உள்ளே தூங்குவார்கள்.

"டேய் டெல்மர்! என் துப்பாக்கிய உள்ள எடுத்தியா?"

உள்ளே தம்பி அடுப்பின் மேல் பீன்ஸைக் கிண்டிக்கொண்டிருந்தான். குள்ளமான, தடித்த ஆள். நாற்பது தாண்டியும் அக்காவை 'மேஜர்' என்று கூப்பிட்டுச் சீண்டுவதை விடாதவன்.

"உன் பொம்மத் துப்பாக்கிய நான் எதுக்கு எடுக்கறேன்? தொட்டா என் கைய ஒடிச்சு அடுப்புல போட்ற மாட்ட?"

"பின்ன எப்படிடா வியர்த்துது?"

"உன்கிட்ட மாட்டிக்கிட்ட பயத்துல வியர்த்திருக்கும், மேஜர்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கார்பைன் விஷயத்தில் அவளுக்கு எப்போதுமே சிரிப்பு வராது. சுரங்க முகாமில் இருநூறு பேருக்குச் சமைத்துக் கொட்டிய வருஷத்தில் வாங்கியது. குட்டைக் குழல், விசைக்குக் கீழே இறக்கி ஏற்றும் லீவர் வளையம் வைத்தது, கனமே இல்லாதது. தோள் எலும்பு ஒருமுறை முறிந்தவளுக்கு அதைவிடத் தோதான துப்பாக்கி கிடையாது. வில்லோ புதருக்குள் நெட்டைத் துப்பாக்கிக்காரர்கள் கிளைகளோடு மல்லுக்கட்டி நிற்கும்போது அவள் குனிந்து புகுந்து மறுபக்கம் போய்விடுவாள். படகில், பனிவண்டியில், கூடாரத்தில், எங்கே போனாலும் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கும். துப்பாக்கியின் பிடிக்கட்டைக் கழுத்தில் அவள் உள்ளங்கை பட்டுப் பட்டு வார்னிஷ் போய்விட்டது. புருஷனைக்கூட அவள் அவ்வளவு காலம் வைத்திருக்கவில்லை.

கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். பனி ஒரே சீராகப் படிந்திருக்கவில்லை. கட்டையின் கழுத்தில், வலது கை பிடிக்கிற இடத்தில், தடிமனாக இருந்தது. குழலுக்கு அடியில் இடது கை தாங்குகிற இடத்தில் இருந்தது. கன்னம் பதிக்கிற இடத்தில் இருந்தது. குழலின் வாயில்தான் ரொம்ப அதிகம். அங்கே பனி இதழ் இதழாக வளர்ந்து ஓட்டையையே பாதி மூடியிருந்தது. யாரோ அதில் வாய் வைத்து வெகுநேரம் ஊதியிருந்தால் அப்படி இருக்கும்.

இந்தத் தனிக்காட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருத்தி அவள். அப்படியென்றால் தம்பி பொய் சொல்கிறான். வெர்னாவுக்குக் கோபம் வர வேறு காரணம் வேண்டியதில்லை, அதிலும் வேட்டைப் பருவத்தின் கடைசி வாரத்தில், ஒரே அறையில், ஒரே ஆளின் குறட்டையைக் கேட்டுக்கொண்டு இருந்த பிறகு.

"எடுத்தேன்னு சொல்லித் தொலையேன். ஒளறினா தல போயிருமா?"

"எடுக்கலக்கா. சத்தியமா."

"ஓடைக்கு அந்தப் பக்கம் தொங்குற கறி எத்தன நாளாக் கெடக்கு? அதையாவது எடுத்துட்டு வா போ."

டெல்மர் ஜன்னல் வழியே பார்த்தான். ஓடைக்கு மேல் மூடுபனி இறங்கி ஸ்ப்ரூஸ் மரங்களை இடுப்புவரை விழுங்கியிருந்தது. அவர்கள் சுட்ட மூஸின் தொடைகளை வெள்ளைத் துணிப்பைகளில் கட்டி அந்தப் பக்கத்து மரங்களுக்கிடையே கம்பில் தொங்கவிட்டிருந்தார்கள். ஓடையின் பனி ஆளைத் தாங்கும், வண்டியைத் தாங்காது. நடந்துபோய்த் தோளில் சுமந்துதான் வர வேண்டும்.

"பனி விலகட்டுமேக்கா. எனக்கு என்னவோ இன்னிக்கு அந்தப் பக்கம் பிடிக்கல. பறவைச் சத்தமே இல்ல, கவனிச்சியா?"

"ஒனக்கு வேலைன்னா எந்தப் பக்கமும் பிடிக்காது. போ. கறி இல்லாம இந்த வாசப்படிய மிதிக்காத."

அவன் சிவப்புக் கட்டம்போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு, தன் நெட்டைத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தான்.

"மேஜர், காபி மட்டும் சூடா வச்சிரு. அதையாவது திட்டாம வை, கசந்துரப் போகுது."

மூடுபனி அவன் பூட்ஸை எடுத்துக்கொண்டது, பிறகு கோட்டை எடுத்துக்கொண்டது.

காலைப்பொழுதெல்லாம் அவள் கார்பைனோடு உட்கார்ந்திருந்தாள், உள்ளே அல்ல, தாழ்வாரத்துப் பலகையில். கையுறைக்குள் விரல் மரத்துப்போகும்வரை துடைத்தாள். குழலுக்குள் துணி விட்டு இழுத்தாள். துணியில் கரி வந்தது. வெடிமருந்துக் கரி இல்லை, மோந்து பார்த்தாள், விறகுப் புகை வாசனை. அது என்னவோ போலிருந்தது. தோட்டாக்களை நிரப்பி, எப்போதும் மாட்டுகிற மாதிரி, லீவர் வளையத்தை ஆணியில் கோத்து, கட்டை கதவுப் பக்கம் இருக்கும்படி மாட்டினாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குத் தண்ணீர் மொள்ளப் போனாள்.

ஓடைப் பனியில் வெட்டிய குழி மறுபடி மூடியிருந்தது. கோடாலியால் கொத்தித் திறந்தாள். அந்தச் சத்தம் முடிந்ததும் அமைதி அவளைச் சுற்றி வந்து நின்றது. தம்பி சொன்னது சரிதான். சாம்பல் நிற ஜே பறவைகள் கறி தொங்குகிற இடத்தை விட்டு அகலாது, ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டே கிடக்கும். இன்று ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

திரும்பி வந்தபோது கார்பைன் ஆணியில்தான் இருந்தது. கட்டை மட்டும் கதவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது.

வெர்னா வாளியை மெதுவாக இறக்கினாள். அருகே போனாள். குழலின் வாய் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டாள், இன்னும் உறையவில்லை. இந்தக் குளிரில் ஈரம் எவ்வளவு நேரம் உறையாமல் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தும்மல் போடும் நேரம்.

சுற்றிலும் பார்த்தாள். பனியில் அவளுடைய தடம் இருந்தது, டெல்மர் காலையில் போன தடம் இருந்தது. வேறு எதுவும் இல்லை. அப்போது தலைக்கு மேலேயிருந்து கொஞ்சம் பனித்தூள் அவள் கையில் உதிர்ந்தது. தாழ்வாரக் கூரையின் ஓரத்தில், ஆணிக்கு நேர் மேலே, படிந்திருந்த பனி வழித்தெடுத்தாற்போல் காணாமல் போயிருந்தது. மேலேயிருந்து ஒரு கை கீழே நீண்டு எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டியிருந்தால் அங்கேதான் உரசும்.

அவள் பின்னால் நடந்தாள், கூரை முழுதும் தெரியும்வரை.

அடுப்புக் குழாயைச் சுற்றிப் பனி உருகி வட்டமாகத் தகரம் தெரிவது வழக்கம். இப்போது வட்டம் இல்லை. குழாயை ஒட்டி நீளமாக ஒரு இடம் வெறும் தகரமாக இருந்தது. ஆள் படுத்துக் கிடந்த நீளமென்று முதலில் நினைத்தாள். பிறகு கண்ணால் அளந்து பார்த்தாள். எந்த ஆளும் அவ்வளவு நீளமில்லை. அது கூரை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கமும் இறங்கியிருந்தது.

ராத்திரி அவர்கள் இருவரும் தூங்கியபோது, அவர்களுக்கு மேலே, ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம், குழாய்ச் சூட்டில், அவளுடைய கார்பைனை மார்போடு அணைத்துக்கொண்டு ஏதோ ஒன்று படுத்திருந்திருக்கிறது. அதன் குழல்வாயில் மூச்சு விட்டுக்கொண்டு.

டெல்மர் பொய் சொல்லவில்லை.

அந்த நினைப்பு வந்த கணத்தில் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. டெல்மரின் துப்பாக்கிதான், அந்த அடித்தொண்டைச் சத்தம் அவளுக்குப் பழக்கம். ஒரு வெடி என்றால் வேட்டை. மூன்று வெடி என்றால் உதவிக்கு வா. அவள் இரண்டாவதற்காகக் காத்திருந்தாள். மூடுபனிக்குள் எதிரொலி அலைந்து அலைந்து ஓய்ந்தது. இரண்டாவது வரவில்லை.

"டெல்மர்!"

போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கார்பைனைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவன் தடத்தின் மேலேயே நடந்து, மரங்கள் தொடங்கும் இடம்வரை போனாள். அங்கே கால் நின்றுவிட்டது. மூடுபனிக்குள் அவன் தடம் நாலைந்து எட்டுக்குமேல் தெரியவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிற சின்னப்பெண் மாதிரி நின்றாள். பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவனைத் துரத்திவிட்டதே அவள்தான். வாசப்படிய மிதிக்காத என்று சொன்ன வாய் இப்போது கூப்பிடக்கூடப் பயந்தது.

திரும்பி வந்தாள். ஆணியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். பிறகு, வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தாள். கார்பைனைக் கையில் பிடித்தபடியே கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

தவறு என்று தெரிந்தேதான் செய்தாள். அந்த ஆணியில் இனி அதை மாட்டக் கை வரவில்லை. உள்ளே வந்ததும் இரும்பு வெளுத்தது, பிறகு வெளுப்பு நீராகி வழிந்தது. துடைத்தாள். மறுபடி வியர்த்தது. மறுபடி துடைத்தாள். அடுப்பருகே மடியில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்குச் செய்வது போல் ஏப்ரன் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். வெளியே தெரிகிற இடத்தையெல்லாம் துடைக்கலாம். உள்ளே இறங்கியதை யார் துடைப்பது? காபி பாத்திரம் அடுப்பின் ஓரத்தில் முணுமுணுத்தது. அதை அவள் திட்டாமல்தான் வைத்தாள்.

கூரையில் எந்தச் சத்தமும் இல்லை. அதுவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகுதான் உறைத்தது, இங்கே இல்லையென்றால் அது எங்கே போயிருக்கும் என்று.

பகல் வடிந்து, மூடுபனி நீலமாகத் தொடங்கியபோது அவளால் உட்கார முடியவில்லை. லாந்தரை ஏற்றிக்கொண்டு, கார்பைனோடு தாழ்வாரத்துக்கு வந்து பலகையில் உட்கார்ந்தாள். தம்பிக்கு விளக்கு தெரியட்டும். குளிர் கோட்டுக்குள் விரல் விட்டுத் தேடியது. மூக்குக்குள் மயிர் உறைந்து குத்தியது. மரங்கள் எங்கோ பனிப்பாரத்தில் நெரிந்தன. ஸ்ப்ரூஸ் பிசின் வாசனையும், லாந்தர் எண்ணெய் வாசனையும், எங்கிருந்தோ லேசாக, விறகுப் புகை ஏறிய ஈர மயிரின் வாசனையும் வந்தன. அவள் கூப்பிட்டாள். காத்திருந்தாள். மறுபடி கூப்பிட்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். மடியில் கார்பைன் தன் சூட்டையெல்லாம் இழந்துகொண்டிருந்தது.

அப்போது கேட்டது.

க்ளக், க்ளாக். க்ளக், க்ளாக். க்ளக், க்ளாக்.

வெர்னாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது அவர்கள் குடும்பத்து வழக்கம். அந்தி வேளையில் காட்டிலிருந்து கேபினுக்கு வருகிறவர் படியேறுமுன் துப்பாக்கியை மூன்று முறை திறந்து மூடிக் காலி செய்ய வேண்டும், உள்ளே இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி. வருவது மிருகம் இல்லை, மனிதன், கையில் இருப்பதும் காலி என்று அதற்கு அர்த்தம். பெரியப்பா ரஸ்ஸை அவர் கூட்டாளியே வாசலில் வைத்துக் கரடியென்று சுட்டுவிட்ட பிறகு வந்த வழக்கம். அந்தச் சத்தம் கேட்டால் இருட்டைப் பார்த்து யாரும் சுடக் கூடாது. காபியை ஊற்ற வேண்டியதுதான்.

"வந்துட்டியாடா பாவி!" என்று எழுந்தாள்.

எழுந்தவள் நின்றாள்.

டெல்மருடையது கம்பிப்பூட்டுத் துப்பாக்கி. தூக்கி, இழுத்து, தள்ளி, அழுத்த வேண்டும். அதன் சத்தம் வேறு.

இது லீவர் சத்தம். இருபது வருஷமாக அவள் காது கேட்டுப் பழகிய சத்தம். அவளுடைய கார்பைனின் சத்தம்.

கார்பைன் அவள் கையில் இருந்தது.

க்ளக், க்ளாக்.

மூடுபனிக்குள்ளிருந்து. கொஞ்சம் ஈரமாக. இரும்பிலிருந்து அல்ல. தொண்டையிலிருந்து.

"யாரது?"

"மேஜர், காபி மட்டும் சூடா வச்சிரு." டெல்மரின் குரல். "அதையாவது திட்டாம வை, கசந்துரப் போகுது."

காலையில் சொன்னது. அதே ஏற்றம், அதே இறக்கம், நடுவில் அவன் விட்ட அதே சின்னச் சிரிப்பு.

"டெல்மர்… உன் துப்பாக்கிய காலி பண்ணுடா. ஒன்னோட துப்பாக்கிய."

அமைதி. யோசிக்கிற மாதிரி அமைதி.

பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக, கற்றுக்கொண்டதை ஒப்பிக்கிற மாதிரி. தூக்கு. இழு. தள்ளு. அழுத்து. காலித் தோட்டா பனியில் விழுகிற மெத்தென்ற சத்தம்கூட வந்தது.

அவன் துப்பாக்கியையும் அது ஊதிப் பார்த்துவிட்டது. எடுத்து வைத்துக்கொண்டு, மார்போடு அணைத்து. டெல்மரின் கையிலிருந்து.

லாந்தர் வெளிச்சத்தின் ஓரத்துக்கு முதலில் கோட்டு வந்தது. சிவப்புக் கட்டம். அவள் கார்பைனைத் தூக்கினாள். முழுசாகப் பார்க்காமல் சுடாதே. சிறுவயதில் மண்டையில் அடித்து ஏற்றிய விதி. அவனாக இருந்தால்? அடிபட்டுப் புத்தி பேதலித்து வருகிறவன் அவனாகவே இருந்தால்?

கோட்டு நெருங்கியது. தோளில் வெள்ளைத் துணிப்பை. கையில் நெட்டைத் துப்பாக்கி.

டெல்மர் குள்ளம்.

இது தாழ்வாரக் கூரைக்குக் குனிய வேண்டியிருந்தது.

விசையை இழுத்தாள்.

டிக்.

லீவரைத் தள்ளினாள். பாதியில் நின்றது. உள்ளே ஈரம் பனியாகி இறுகியிருந்தது. மறுபடி தள்ளினாள். அசையவில்லை.

அது நின்றது. தலையைச் சாய்த்தது.

"டிக்," என்றது.

வெர்னா உள்ளே பாய்ந்து கதவை அறைந்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அந்தக் காட்டில் எந்தக் கேபின் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் வைப்பதில்லை. குளிரில் உறைந்து யாராவது வந்தால் திறந்து நுழைய வேண்டும், அதுதான் தர்மம். மேஜையை இழுத்துக் கதவில் சார்த்தினாள். அதன்மேல் தன் உடம்பைச் சார்த்தினாள்.

வெளியே பூட்ஸைப் பலகையில் தட்டும் சத்தம். வலது கால் இரண்டு தட்டு, இடது கால் ஒரு தட்டு. டெல்மர் அப்படித்தான் தட்டுவான்.

பிறகு ஆணியில் வார் உரசும் சத்தம். பக்கத்து ஜன்னலில் தெரிந்தது. டெல்மரின் துப்பாக்கி, அவனுடைய ஆணியில், அவன் மாட்டுகிற மாதிரியே குழல் கீழே பார்க்க. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழலின் வாயில் பனி இதழ் இதழாகப் பூத்தது.

கதவு நகர்ந்தது. மேஜை நகர்ந்தது. அவளும் மேஜையோடு நகர்ந்தாள். உதைத்தாள், அலறினாள், தம்பியின் பெயரைச் சொன்னாள். அவசரமே இல்லாமல் கதவு திறந்துகொண்டே வந்தது.

அது வாசப்படிக்கு வெளியிலேயே நின்றது. கோட்டைப் பின்முன்னாக மாட்டியிருந்தது, பொத்தான்கள் முன்னால் காணவில்லை. வாய் மட்டும் விளக்கில் தெரிந்தது, வட்டமாக, மூடாமல். அதற்குள்ளிருந்து இந்த முறை டெல்மரின் குரல் வரவில்லை. ஒரு பெண்ணின் குரல் வந்தது, கரகரப்பாக, கோபமாக, அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"கறி இல்லாம இந்த வாசப்படிய மிதிக்காத."

தோளிலிருந்த பையை இறக்கி, பத்திரமாக, படிக்கு உள்ளே வைத்தது. பிறகு படியை மிதித்தது.

கம்பில் நாள் கணக்காகத் தொங்கிய மூஸ் கறி கல்லாக உறைந்திருக்கும். பையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.